உப்பு விழும்வரை

நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் டர்னிப்புக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடப் போவதில்லை. எங்கள் கரிமட்டத்தில், மலை உச்சியிலிருந்து குழாயில் இறங்கிவரும் தண்ணீரில் வேகவைத்தால், அது பேசும். தோலைத் தடிமனாகச் சீவி, மேலே ஊதா நிறமாக இருக்கும் கொண்டையை வெட்டியெறிந்து, நாலாக வகிர்ந்து சட்டியில் போட்டு மூடிவைத்தால், முதல் கொதி வந்து மூடி லேசாகத் தூக்கும்போது, அந்த வீட்டில் யார் எந்தச் சொல்லைச் சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் மென்று முழுங்கினார்களோ, அந்தச் சொல்லை அவரவர் குரலிலேயே சொல்லும், திரும்பத் திரும்பச் சொல்லும், உப்புப் போட்டால்தான் வாயை மூடும். இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. பால் திரிகிறது, உருளைக்கிழங்கு முளைவிடுகிறது, டர்னிப் பேசுகிறது.

முதன்முதலில் பேசியது தபால்கார மணியன் வீட்டு டர்னிப் என்று சொல்வார்கள். தட்டைப்பயறு போட்டுக் குழம்பு வைக்கலாம் என்று அவன் பெண்டாட்டி அடுப்பில் ஏற்றியிருந்தாள். கொதி வந்ததும் மணியன் குரலில், "இவளைக் கட்டினதுக்கு அந்த டீச்சரையே கட்டியிருக்கலாம்" என்று சட்டிக்குள்ளிருந்து கேட்டது. அவள் பதறவில்லை, சட்டியை உடைக்கவில்லை, உப்பைப் போட்டாள், தேங்காய் அரைத்து ஊற்றினாள், தாளித்துக் கொட்டினாள், மத்தியானம் அவன் வந்து ரெண்டாம் வாய் சோற்றை எடுக்கும்போது, "எந்த டீச்சருங்க?" என்று மட்டும் கேட்டாள். அன்றோடு அந்த வீட்டின் நடுவில் ஒரு சுவர் எழும்பியது. அது இன்றைக்கும் இருக்கிறது, இந்தப் பக்கம் அவள் சமைக்கிறாள், அந்தப் பக்கம் அவன் பன் வாங்கித் தின்கிறான்.

அது ஏன் பேசுகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை, எப்படிச் சமாளிப்பது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். உப்பை முதலிலேயே போட்டுப் பார்த்தார்கள், அது பேசவில்லை, ஆனால் வேகவும் இல்லை, விடிய விடிய எரித்தாலும் கல்லாகவே கிடந்து நாக்கில் கசந்தது. குக்கரில் வைத்துப் பார்த்தார்கள், விசிலோடு விசிலாக ஊருக்கே கேட்கும்படி ஏசியது. டர்னிப்புக்குப் பதில் நூல்கோலை வைத்துப் பார்த்தார்கள், நூல்கோல் பரம சாது, அதற்கு வாயே கிடையாது, ஆனால் டர்னிப் கொதிக்கும் நாற்றம் அதற்கு வராது என்பதால் பக்கத்து வீட்டுக்காரிகள் மூக்கை உறிஞ்சியே கண்டுபிடித்து, "அப்படி என்ன இருக்குது உங்க வீட்டுல மறைக்கறதுக்கு?" என்றார்கள். கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பது என்று வழக்கமாயிற்று. பகலில் ஒரு வீட்டு வாசற்கதவு சாத்தியிருந்தால், "என்ன, டர்னிப்பா?" என்று கேட்டுக்கொண்டு போவோம். அப்படியும் ஏன் தின்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். கீழே மண்டியில் கழித்துக் கட்டும் காயை நாங்கள் தின்னாமல் யார் தின்பது. தவிர, வீட்டில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதில் ஒரு ருசி இருக்கிறது, அது ஒரு முறை ஒட்டிக்கொண்டால் கத்தரிக்காயெல்லாம் வாயில் இறங்காது.

கல்யாணம் பேசுகிறவர்கள்தான் இதை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தால் முன்பெல்லாம் கேசரி, பஜ்ஜி, ஒரு பாட்டு. இப்போது மாப்பிள்ளையின் அம்மா வரும்போதே ஒரு டர்னிப்பும் ஒரு பிடி கல்லுப்பும் கொண்டுவருவாள். பெண் அவள் கண்ணெதிரில் சீவி, நறுக்கி, தன் வீட்டு அடுப்பில் தன் வீட்டுத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும், உப்பு மட்டும் மாப்பிள்ளையின் அம்மா கையில் இருக்கும். கேட்டது போதும் என்று அவளுக்குத் தோன்றும்போது போடுவாள். அதனால் பெண்வீட்டார் முன்கூட்டியே துப்பத் தொடங்கினார்கள். பெண் பார்க்க வருவதற்கு முந்தைய நாட்களில் குடும்பமே அடுப்படியில் உட்கார்ந்து, இத்தனை வருஷமாக முழுங்கிவைத்ததையெல்லாம் ஒருவர் முகத்துக்கு நேரே ஒருவர் சொல்லித் தீர்ப்பதற்குத் துப்புதல் என்று பெயர். சொல்லிவிட்ட சொல்லை டர்னிப் சீந்தாது. துப்பி முடித்த வீட்டில் டர்னிப் ஊமையாக வேகும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும், பெற்றவர்கள் அதற்குப் பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது சிரமம்.

ஆறுச்சாமி வீட்டில் மட்டும் நாலு வருஷமாக டர்னிப் அடுப்பேறுவதில்லை. தோட்டத்தில் அவரே போடுகிறார், மூட்டை மூட்டையாகக் கீழே அனுப்புகிறார், வீட்டுக்கு ஒன்றுகூடக் கொண்டுபோவதில்லை. வாயுத் தொல்லை என்று அவர் பெண்டாட்டி மயிலாத்தா சொல்வாள், நாங்களும் ஆமாம், வாயு என்றால் சும்மாவா என்போம். காரணம் எங்களுக்குத் தெரியும். அவருடைய மூத்த பெண் மரகதம் ஒரு லாரி டிரைவரோடு போனாள், போன வேகத்தில் அவன் அவளைக் கோயமுத்தூர் பஸ் ஸ்டாண்டில் உட்காரவைத்துவிட்டு டீ வாங்கி வருகிறேன் என்று போய்விட்டான், அவள் வயிற்றுச் சுமையோடு மலையேறி வந்து, கார்த்திகை மாசத்தில் எதிரில் வருகிற ஆள் தெரியாத மூடுபனியில், விளக்கு அணைக்கிற நேரத்தில், அப்பன் வீட்டுக் கதவைத் தட்டினாள். பேர் சொல்லிக் கூப்பிடவில்லை, தட்ட மட்டும் செய்தாள். எங்கள் பக்கம் கரடி வந்து கதவைத் தட்டும், சமையலறை எண்ணெய் வாசத்துக்கு வந்து கதவைப் பிறாண்டும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். "கரடியா இருக்கும், யாரும் தொறக்காதீங்க" என்று ஆறுச்சாமி உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னார். காலையில் தேயிலைச் செடியில் சாய்ந்து உட்கார்ந்தபடி அவள் விறைத்துக் கிடந்தாள். தூக்கி வந்தவர்கள் அவள் உடம்பில் ஒரு நகக்கீறலைக்கூடப் பார்க்கவில்லை, கரடி அடித்துவிட்டது என்றே ஊரில் சொன்னார்கள்.

இளையவள் சுகந்திக்கு, எங்கள் குழாய்த் தண்ணீரையே குடிக்கும் பக்கத்து ஊர் கல்மட்டத்திலிருந்து பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பியபோது அந்த வீடே கதிகலங்கிப் போனது. சுகந்திக்கு அந்தப் பையன் நடராசுவை ஏற்கெனவே தெரியும். காய் ஏற்றுகிற இடத்தில் எடை போடுகிறவன், எதற்கெடுத்தாலும் சிரிப்பான், சிரித்தால் வரிசை குலையாமல், பெரிது பெரிதாக, வெள்ளை வெளேரென்று பல் தெரியும். அந்தப் பல்லுக்காகவே அவள் கேரட் மூட்டையை ரெண்டாம் முறை எடை போடச் சொல்லுவாள். அவனும் போடுவான். அந்த வீட்டுக்குள் சாத்தின கதவுக்குப் பின்னால் நாலு வருஷம் மூச்சுவிட்ட பெண்ணுக்கு, வெளியே போக ஒரே ஒரு வழி தெரிந்தது, அது அந்தச் சிரிப்பு வழியாக இருந்தது. "இது மட்டும் தட்டிப் போச்சுன்னா நான் செத்துருவேன்மா" என்றாள்.

"துப்பிருவோம்" என்றாள் மயிலாத்தா.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சின்னதிலிருந்து ஆரம்பித்தார்கள், எல்லா வீட்டிலும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். "உன்ற ரசம் எனக்கு ஒரு நாளும் புடிச்சதில்ல" என்றார் ஆறுச்சாமி. "கல்யாணத்தன்னிக்கு உங்க அண்ணனைத்தான் மாப்பிள்ளைன்னு நெனச்சேனுங்க, நீங்கன்னு தெரிஞ்சதும் எனக்குச் சோறு எறங்குல" என்றாள் மயிலாத்தா. "எனக்கு உங்க ரெண்டு பேரையும் கண்டாலே ஆகாது" என்றாள் சுகந்தி. அப்புறம் தோட்டத்திலிருந்து பிடுங்கி வந்த டர்னிப்பைச் சீவிப் போட்டு வேகவைத்துப் பார்த்தார்கள், கொதி வந்ததும் அது மூன்று குரலிலும் ஒரே சமயத்தில் பேசியது. மயிலாத்தா காதைப் பொத்திக்கொண்டே உப்பை அள்ளிப் போட்டாள்.

"வாயால சொல்லோணும்மா. சொன்னாத்தான் தீரும்" என்றாள் சுகந்தி. பிறகு அவளே முதலில் சொன்னாள். "அன்னிக்கு அக்காதான்னு எனக்குத் தெரியும். நான் எப்பவும் போலக் கதவுகிட்டப் படுத்திருந்தேன். அவ இருமுனது கேட்டுச்சு. அக்கான்னு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிப்போட்டேன்."

"எனக்கும் தெரியும்" என்றாள் மயிலாத்தா, அடுப்பைப் பார்த்துக்கொண்டு. "தொறங்கன்னு சொல்ல வந்தேன். அப்பறம் ஊர் என்ன சொல்லும்னு இருந்துட்டேன்."

ஆறுச்சாமி அன்றைக்குப் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. சுகந்தி சாப்பிடாமல் கிடந்தாள், மயிலாத்தா காலில் விழுந்தாள். கடைசியில் ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, வாய் நிறைய நுரையோடு, "தட்டுன கையிலயே தெரிஞ்சுது. அதனாலதான் கரடின்னு சத்தமாச் சொன்னேன், அவளுக்குக் கேக்கட்டும்னு" என்று சொல்லிவிட்டுக் கொப்புளித்துத் துப்பினார். அன்று மத்தியானம் கதவைச் சாத்தி ஒரு டர்னிப்பை வேகவைத்தார்கள். நுரை பொங்கியது, மூடி ஆடியது, நாற்றம் வந்தது, பேச்சு வரவில்லை. நாலு வருஷத்துக்குப் பிறகு மூன்று பேரும் டர்னிப்பும் பருப்பும் போட்டுக் கூட்டு வைத்துச் சாப்பிட்டார்கள், கறிவேப்பிலையைக்கூட ஒதுக்கவில்லை. சுகந்தி பாத்திரம் கழுவும்போது முணுமுணுத்துப் பாடினாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

நல்ல நாள் பார்த்து நடராசுவின் அம்மா பாவாயம்மா மகனையும் மச்சினனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆட்டுக்குட்டியை விலை பேச வருகிறவள் மாதிரி வீட்டை மேலும் கீழும் பார்த்தாள். மடியிலிருந்து டர்னிப்பை எடுத்துக் கொடுத்தாள், நடுத்தரமான, இறுக்கமான காய். சுகந்தி கத்தியைப் பிடித்த நேர்த்தியைச் சொல்ல வேண்டும். நார் இருக்கிற ஆழம் வரைக்கும் ஒரே சீராகச் சீவினாள், தோல் ஒரே சுருளாக விழுந்தது, கொண்டையில் ஒரு பொட்டு ஊதாகூட மிச்சமில்லை, நாலு துண்டும் நாலு அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. "கை வாட்டம் நல்லாத்தான் இருக்குது" என்றாள் பாவாயம்மா. கூடத்தில் உட்கார்ந்திருந்த நடராசு பல்லைக் காட்டினான். சுகந்தி தலையைக் குனிந்துகொண்டு சட்டியை அடுப்பில் ஏற்றினாள். அவளுக்குப் பயமே இல்லை, மூன்று பேரும் துப்பிவிட்டார்கள், முழுங்கினது எதுவும் அந்த வீட்டில் பாக்கியில்லை.

நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும்போது வாசற்கதவைச் சாத்தக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அது ஒருக்களித்துத்தான் திறந்திருந்தது. டர்னிப் நாற்றம் கிளம்பியதும் பாவாயம்மா முகத்தைச் சுளித்து, "கதவை நல்லா விரியத் தொறந்து வையுங்க, மூச்சு முட்டுது" என்றாள். ஆறுச்சாமி எழுந்து போய் ரெண்டு கதவையும் அகலத் திறந்துவைத்தார். வெளியே பனி இறங்கியிருந்தது, அது வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து, கூடத்திலிருந்து அடுப்படிக்கு வந்தது.

மூடி ஆடியது. சட்டிக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது.

மூன்று பேரும் துப்பியதெல்லாம் கதவுக்கு உள்ளே இருந்து முழுங்கியவர்களின் சொல், அதில் குறை ஒன்றும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றவளும் ஒரு சொல்லை முழுங்கியிருப்பாள் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கதவைச் சாத்தி வேகவைத்தபோதெல்லாம் அந்தச் சொல் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தது. இப்போது திறந்திருக்கவும் உள்ளே வந்துவிட்டது.

"ஆமாங்கப்பா, கரடிதான்" என்றது டர்னிப், மரகதத்தின் குரலில், பொறுமையாக. "தொறக்காதீங்க. சுகந்திக்கு மட்டும் போத்தி விடுங்க, கதவுச் சந்துல காத்து அடிக்குது."

அது மறுபடியும் சொன்னது. ஆமாங்கப்பா, கரடிதான், தொறக்காதீங்க, சுகந்திக்கு மட்டும் போத்தி விடுங்க. கொதி ஏற ஏறக் குரல் தெளிந்தது, ஒரு வார்த்தைகூட மாறவில்லை. சுகந்தி பாவாயம்மாவின் மூடிய கையைப் பார்த்தாள். அந்தக் கைக்குள் உப்பு ஈரமாகி, விரலிடுக்கில் சொட்டிக்கொண்டிருந்தது.

"உப்பைப் போடுங்க அக்கா" என்றாள் மயிலாத்தா.

"இருங்க, வேகட்டும்."

"உங்களைக் கும்பிட்டுக்கறேன், போடுங்க."

"வேகட்டும்ங்கறேன்ல." பாவாயம்மா காதைச் சட்டிப் பக்கம் சாய்த்து, சங்கீதம் கேட்கிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, மூன்று தடவை, நாலு தடவை கேட்டாள். பிறகு கண்ணைத் திறந்து, "மூத்தவளா?" என்றாள்.

"ஆமாங்க."

"மாசமா இருந்தான்னாங்க."

"ஆமாங்க."

"அப்பவும் தொறக்கல."

ஆறுச்சாமி கூடத்திலிருந்து அடுப்படி வாசலுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு, "இல்லீங்க" என்றார்.

"விடியற வரைக்கும்?"

"தொறக்கலீங்க."

பாவாயம்மா கையை விரித்தாள். உப்பு சட்டியில் விழுந்தது, மரகதம் பாதிச் சொல்லில் நின்றாள். மயிலாத்தா மூக்கைச் சிந்திக்கொண்டு, சம்பந்தம் முறிந்தது என்று, விருந்துக்கு நறுக்கி வைத்திருந்த இலையை எடுத்துவைக்கத் திரும்பினாள். சுகந்தி அகப்பையைப் பிடித்தபடி நின்றாள், அவள் உடம்பில் ஒரு பொட்டுச் சூடு இல்லை.

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குது" என்றாள் பாவாயம்மா.

அவள் முகத்தில் நிஜமான சந்தோஷம் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும், ஊரெல்லாம் தேடித் தேடி அலுத்த பொருள் கடைசிக் கடையில் கிடைத்த சந்தோஷம். "என்ற மூத்த மருமவ இருக்கறாளே, கை ஓங்குனாப் போதும், பொட்டியைத் தூக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் பஸ் ஏறிருவா. அவ ஆத்தாக்காரி கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு நிப்பா. சமாதானம் பேசிக் கூட்டியாந்தே எங்க மானம் போச்சு. இது தொறக்காத வீடு. இங்கிருந்து பொண்ணெடுத்தா எங்களுக்கு அந்தக் கவலை இல்ல, வந்த எடத்துலயே கெடப்பா. என்னுங்க சம்மந்தி, நான் சொல்றது சரிதானுங்களே?"

ஆறுச்சாமியின் கண் கலங்கிவிட்டது, இவ்வளவு பெரிய கண்டத்திலிருந்து தப்பியவருக்குக் கலங்காமல் என்ன செய்யும். "சத்தியமாத் தொறக்க மாட்டோமுங்க" என்றார்.

சுகந்தி அம்மாவைப் பார்த்தாள். மயிலாத்தா சட்டியைப் பார்த்தாள். வழக்கப்படி பெண் ஒரு துண்டை எடுத்து எல்லோர் முன்னாலும் தின்ன வேண்டும், தின்றுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். கூடத்தில் நடராசு சிரித்துக்கொண்டிருந்தான், பனிக்குள் அவன் முகம் தெரியவில்லை, பல் மட்டும் தெரிந்தது. சுகந்தியின் வாய் திறந்தது. வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்றே பாவாயம்மாவின் மச்சினன் நினைத்தானாம். அவள் டர்னிப்பை வாயில் போட்டு, நன்றாக மென்று, முழுங்கினாள்.

தை மாசம் கல்யாணம் நடந்தது. நாங்களெல்லாம் போயிருந்தோம், சாப்பாட்டில் குறையொன்றுமில்லை. கல்மட்டத்தில் மறுவாரமே டர்னிப் வாங்கினார்கள். சுகந்தி அதே நேர்த்தியோடு சீவி, நறுக்கி, சட்டியில் போட்டு, தண்ணீர் கொதி வருவதற்காக அடுப்புப் பக்கத்தில் போய் நின்றாள். கொதி வர வேண்டுமென்று அவள் அவசரப்பட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, தன் வாயால் சொல்ல முடியாமல் முழுங்கிய சொல் அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரு முறை கேட்கட்டும் என்று. மூடி ஆடுவதற்கு முன்னாலேயே பாவாயம்மா பின்னாலிருந்து கையை நீட்டி ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டாள்.

"இந்த வீட்டுல மொதல்லயே போட்டுருவோம் கண்ணு" என்றாள்.

சாயங்காலம் வரை எரித்தும் அது வேகவில்லை. அப்படியே தட்டில் வைத்தார்கள். மாமனார் கடித்தார், பாவாயம்மாவின் மச்சினன் கடித்தான், மூத்த மருமகள் குனிந்த தலை நிமிராமல் கடித்தாள், நடராசு ஒரு துண்டை எடுத்துக் கடக்கென்று உடைத்து மென்று சிரித்தான், வரிசை குலையாத, வெள்ளை வெளேரென்ற சிரிப்பு. அந்த வீட்டில் எல்லோருக்கும் பல் அப்படித்தான். அது எதனால் வந்த பல் என்று சுகந்திக்கு அப்போதுதான் தெரிந்தது. போன வாரம் அவளைச் சந்தையில் பார்த்தோம், நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிச் சிரித்தாள், அவளுக்கும் பல் இப்போது நல்ல உறுதியாகத்தான் இருக்கிறது.